மடிக்கணினிக்குத் தொலைக்காட்சியைத் திரையாக்கும் முன் பார்க்க வேண்டியவை

பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை குவிந்து கிடக்கும். சென்ற டிசம்பரில், 14 அங்குல மடிக்கணினித் திரையில் நாளெல்லாம் பக்கங்களைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் படித்துக் கண்ணும் கழுத்தும் ஓய்ந்துபோன நிலையில், கூடத்தில் பகலெல்லாம் அணைந்து கிடக்கும் 43 அங்குல 4கே தொலைக்காட்சியை மடிக்கணினியோடு இணைத்தால் இரண்டு பக்கங்களை அருகருகே முழு அளவில் வைத்துப் படிக்கலாமே என்று தோன்றியது. ஒரு கேபிள் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அது முடிவதற்குள் டிசம்பரில் பாதி போய்விட்டது. ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சற்றே குறைவாகச் செலவானது. ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்த கெடுவும் தவறியது. எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் வாங்க வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அதனால் நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படத்தையும் ஒலியையும் தொலைக்காட்சிக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட் என் மடிக்கணினியில் கிடையாது. இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகள் உண்டு. கடைக்காரர் யூஎஸ்பி-சியை எச்டிஎம்ஐயாக மாற்றித் தரும் ஓர் அடாப்டரை 650 ரூபாய்க்கும் ஐந்து மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளை 1,100 ரூபாய்க்கும் எடுத்துக் கொடுத்தார். இடப்பக்கத்தில் எப்போதும் சார்ஜர் இருக்கும் என்பதால் அடாப்டரை வலப்பக்கத்தில் செருகினேன். தொலைக்காட்சியில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்துகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. மறுநாள் கடையில் போய்ச் சொன்னபோது, “கேபிள் நல்ல கேபிள்தான் மேடம், அடாப்டர்தான் சாதாரணம். கோல்டு பிளேட்டட் போட்டுப் பாருங்க, கண்டிப்பா வரும்” என்று 1,900 ரூபாய் அடாப்டரைக் காட்டினார். உறை பிரித்துவிட்டதால் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. புதியதைச் செருகியபோதும் அதே ‘நோ சிக்னல்’தான். பிறகு வீட்டுக்கு வந்து பார்த்த பழுதுநீக்குநர் ஒருவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மடிக்கணினியின் மதர்போர்டில் கோளாறு இருக்கிறது, சரிசெய்ய ஆறாயிரம் ஆகும், நான்கு நாள் விட்டுவைக்க வேண்டும் என்றார். அன்றிரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. திருத்தி முடிக்க வேண்டிய நாவல் ஒன்று பாதியில் கிடக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பிரிக்கக் கொடுக்க மனம் துணியவில்லை. அந்தத் தயக்கத்தால் ஆறாயிரம் ரூபாய் தப்பியது.

கோளாறு எதுவுமே இல்லை என்பது, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் என் மடிக்கணினியின் மாடல் எண்ணைக் கொடுத்து அதன் கையேட்டை இறக்கிப் படித்தபோது தெரிந்தது. இடப்பக்கப் போர்ட்டுக்கு எதிரே தரவு, மின்னேற்றம், திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் என மூன்றும் இருந்தன. வலப்பக்கப் போர்ட்டுக்கு எதிரே தரவும் மின்னேற்றமும் மட்டுமே இருந்தன. பார்வைக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். சார்ஜரை வலப்பக்கம் மாற்றி, அடாப்டரை இடப்பக்கம் செருகிய அடுத்த நொடியே தொலைக்காட்சியில் படம் வந்துவிட்டது.

யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்தைக் குறிக்கும் பெயர். அதன் வழியே படம் போகுமா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. படம் போவதற்கு ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி வேண்டும். 2014இல் அறிவிக்கப்பட்ட இந்த வசதியை ஒரு போர்ட்டில் வைப்பதும் விடுவதும் தயாரிப்பவரின் விருப்பம். போர்ட்டின் அருகே மின்னல் கீற்றுப் போன்ற தண்டர்போல்ட் குறியோ, ஆங்கிலப் பி எழுத்தை டி வடிவம் சூழ்ந்திருப்பது போன்ற டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் கவலை இல்லை. மின்கலக் குறி மட்டும் இருந்தால் அது மின்னேற்றத்தைத்தான் சொல்கிறது. குறியே இல்லாத மடிக்கணினிகளும் நிறைய உண்டு. அவற்றுக்குக் கையேடு ஒன்றே கதி. எந்தப் போர்ட்டிலும் இந்த வசதி இல்லையென்றால், டிஸ்ப்ளேலிங்க் தொழில்நுட்பம் கொண்ட அடாப்டர்கள் சாதாரண யூஎஸ்பி வழியாகவே படத்தை அனுப்பும். அவை விலை கூடியவை, தனி மென்பொருளும் நிறுவ வேண்டும், ஆனால் எழுத்து வேலைக்குப் போதுமானவை. கடைக்குப் போவதற்கு முன் கையேட்டின் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். தங்க முலாமைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது முனை துருப்பிடிக்காமல் காக்கும், படத்தின் தரத்தை ஒரு துளியும் கூட்டாது.

படம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி நீடிக்கவில்லை. திரையின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தன. கீழே இருக்கும் பட்டை பாதிதான் தெரிந்தது. பக்க எண்கள் விளிம்புக்கு வெளியே போயிருந்தன. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரம் சீராக இருக்காது என்பதால், படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும் வழக்கம் இருந்தது. ஓவர்ஸ்கேன் எனப்படும் அந்த வழக்கம், தேவையே இல்லாத தட்டைத் திரைகளிலும் இன்றுவரை தொடர்கிறது. இதற்கான மாற்றத்தைத் தொலைக்காட்சியில் செய்ய வேண்டும், கணினியில் தேடிப் பயனில்லை. படத்தின் அளவு பற்றிய பிரிவில் எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்றும், சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்றும், வேறு நிறுவனங்களில் வேறு பெயர்களிலும் இது இருக்கும். கணினியில் படத்தைச் சுருக்கி இதைச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் திரையின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) இடம் பெயர்ந்து எழுத்து மங்கும்.

அடுத்ததாக, சுட்டியின் அம்பு தயங்கித் தயங்கி நகர்ந்தது. பக்கத்தை மேலே தள்ளினால் வரிகள் இழுபட்டன. அரை மணி நேரத்தில் தலை வலித்தது. அப்போது நான் 650 ரூபாய் அடாப்டரைத்தான் செருகியிருந்தேன். 4கே அளவில் விநாடிக்கு 30 முறைதான் அதனால் படத்தைப் புதுப்பிக்க முடியும் என்பது அதன் அட்டைப் பெட்டியின் பின்புறம் கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில் இருந்தது. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரத்தின் எல்லை அதுவே. 2013இல் வந்த 2.0 தரம் விநாடிக்கு 18 ஜிகாபிட் வரை அனுப்பும் என்பதால் 4கே படத்தை 60 முறை புதுப்பிக்கும். திரைப்படம் பார்ப்பதற்கு 30 ஒன்றும் குறையில்லை. நாள் முழுக்கச் சுட்டியைக் கையில் வைத்து வேலை செய்பவருக்கு 60தான் வேண்டும். ஆகவே அடாப்டர் வாங்கும்போது, ‘4கே’ என்ற சொல்லோடு ‘60 ஹெர்ட்ஸ்’ (விநாடிக்கு 60 முறை) என்பதும் சேர்ந்து அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘4கே’ என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் 30தான்.

எனது 1,900 ரூபாய் அடாப்டர் 60க்கு உரியது. அதைச் செருகிய பிறகும் விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில், ‘அட்வான்ஸ்டு டிஸ்பிளே’ என்ற இடத்தில், 30 மட்டுமே தேர்வாகக் கிடைத்தது. இங்கேதான் பலர் இன்னொரு கேபிள் வாங்கப் போகிறார்கள். நானும் கிளம்பத் தயாராக இருந்தேன். தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ போர்ட்டுகள் பல மாடல்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே குறைந்த திறனில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய செட்டாப் பெட்டிகளோடு தகராறு வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்ற அமைப்பில் ‘என்ஹான்ஸ்டு’ என்று இது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும். கணினியைச் செருகியிருக்கும் அந்தக் குறிப்பிட்ட போர்ட்டுக்கு அதை இயக்கினால்தான் முழுத் திறன் கிடைக்கும். எல்லாப் போர்ட்டுகளுக்கும் இந்த வசதி இருக்க வேண்டும் என்றும் இல்லை. என் தொலைக்காட்சியில் மூன்றில் ஒன்றுக்குத்தான் இருந்தது, அதில் செட்டாப் பெட்டி குடியிருந்தது. இடம் மாற்றியதும் 60 வந்தது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நாவலின் மெய்ப்பைத் திறந்தேன். என் தொழிலைப் பொறுத்தவரை உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கியது. வெள்ளையில் கறுப்பு எழுத்து ஓரளவு தெளிவாகவே இருந்தது. நான் போட்டிருந்த சிவப்புத் திருத்தங்கள் மட்டும் ஈரத்தாளில் மை ஊறியதுபோல் பரவியிருந்தன. சிவப்பில் ‘ண்’ என்று எழுதியிருந்த இடத்தில் மேற்புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ‘ர’ எழுத்தின் கீழ்க்கோடு பரவலில் கரைந்து, அது காலா ரகரமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. ஒரு புள்ளியைத் தவறவிட்டால் அது அச்சாகி ஆயிரம் பிரதிகளில் நிற்கும்.

தொலைக்காட்சிகள் திரைப்படத்துக்காகச் செய்யப்பட்டவை. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகவும் நிற வேறுபாட்டைச் சற்று முரட்டுத்தனமாகவும் காண்பதால், காணொலிகளில் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகப் பகிர்ந்து அனுப்புவார்கள். 4:2:0 என்று அதைக் குறிப்பார்கள். முகங்களும் மரங்களும் ஓடும் காட்சியில் இது தெரியவே தெரியாது. மெல்லிய சிவப்புக் கோட்டில் உடனே தெரியும். கணினி எழுத்துக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் தரும் 4:4:4 முறை வேண்டும். கணினி அதை அனுப்பினாலும், தொலைக்காட்சி தன் படச் சீரமைப்பு வேலைகளுக்காக உள்ளே நிறத்தைக் குறைத்துவிடுவது உண்டு. அப்படிச் செய்யாதே என்று சொல்வதற்குப் பெரும்பாலும் உள்ள வழி, அந்த இணைப்புக்கு ‘பிசி’ என்று பெயர் வைப்பது. உள்ளீடுகளின் பட்டியலில் எச்டிஎம்ஐ போர்ட்டின் வகையையோ பெயரையோ திருத்தும் இடம் இருக்கும். அங்கே செட்டாப் பெட்டி, விளையாட்டுக் கருவி, பிசி என்ற படங்கள் இருக்கும். அவற்றை வெறும் அலங்காரம் என்று நினைத்து நான் பல ஆண்டுகளாகக் கடந்து சென்றிருக்கிறேன். சாம்சங், எல்ஜி உள்ளிட்ட பலவற்றில் ‘பிசி’யைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே நடக்கும் சீரமைப்புகள் அடங்கி நிறம் முழுதாகக் கிடைக்கும். சோனியில் ‘கிராஃபிக்ஸ்’ என்ற பட முறை அந்த வேலையைச் செய்கிறது. நான் அதை மாற்றிய கணத்தில் சிவப்புத் திருத்தங்கள் எல்லாம் கோடு கோடாகப் பிரிந்து நின்றன, ‘ண்’ மேல் இருந்த புள்ளி வட்டமாகத் தெரிந்தது. பல நாள் எரிச்சல் அந்த ஒரு கணத்தில் இறங்கியது.

அதன் பிறகும் எழுத்தைச் சுற்றி வெண்மையான நிழற்கோடு ஒன்று மிஞ்சியிருந்தது. அது ‘ஷார்ப்னஸ்’ என்ற அமைப்பின் வேலை. பெயரைப் பார்த்துக் கூட்டினால் தெளிவு கூடும் என்று தோன்றும். உண்மையில் அது ஓரங்களைச் செயற்கையாக மிகைப்படுத்துகிறது, எழுத்துக்கு அது கேடு. பெரும்பாலான தொலைக்காட்சிகளில் சுழியத்துக்கோ அதற்கு அருகிலோ கொண்டுவந்தால் எழுத்து சுத்தமாகும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, அடர் நிறங்களெல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தாலோ, கறுப்பு முதல் வெள்ளை வரையான வெளிச்சப் படிகளுக்குக் கணினி 0 முதல் 255 வரையும் தொலைக்காட்சி 16 முதல் 235 வரையும் கணக்கு வைத்திருக்கின்றனவா, அல்லது அதற்கு நேர்மாறாக இருக்கின்றனவா என்று பார்த்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்கலாக்கும் மின்சேமிப்பு முறையையும் அணைத்துவிடுங்கள். மேகம் மறைக்கும் போதெல்லாம் பக்கத்தின் வெண்மை மாறிக்கொண்டிருந்தால் படிக்க முடியாது.

60 ஹெர்ட்ஸுக்கு வந்த பிறகு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரை ஓரிரு விநாடி கறுத்து மீண்டது. இந்த முறை குற்றம் உண்மையிலேயே கேபிளில் இருந்தது. 30இல் தாக்குப்பிடித்த அந்த ஐந்து மீட்டர் கேபிளுக்கு அதன் இரு மடங்குத் தரவைச் சுமக்கத் தெம்பில்லை. செப்புக் கம்பியில் நீளம் கூடக் கூட இந்தச் சிக்கல் கூடும். மேசையைத் தொலைக்காட்சிக்கு அருகே நகர்த்தி, ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்று குறிக்கப்பட்ட இரண்டு மீட்டர் கேபிளை 700 ரூபாய்க்கு வாங்கினேன். சிக்கல் தீர்ந்தது. அந்தப் பெயர் 18 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்ட கேபிளுக்கு உரியது. ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்பது 48 ஜிகாபிட்டுக்கு உரியது, இந்த வேலைக்குத் தேவையில்லை. பத்து, பதினைந்து மீட்டர் தூரம் போக வேண்டியவர்கள் ஒளியிழைக் கேபிள் வாங்கலாம். அதற்குக் கணினி முனை, திரை முனை என்று திசை உண்டு, மாற்றிச் செருகினால் படம் வராது.

கேபிளைக் கழற்றி மாட்டிய ஒரு சமயம், மடிக்கணினியின் உலோக உடலைத் தொட்டபோது விரலில் மெல்லிய சுரீர் உணர்வு ஏற்பட்டது. இதை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. இரண்டு முனைச் செருகி கொண்ட மின்கருவிகளிலும், எர்த் இணைப்புச் சரியாக இல்லாத வீடுகளிலும், உள்ளிருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே சிறிது மின்கசிவு கருவியின் உலோக உடலுக்கு வருவது உண்டு. தொலைக்காட்சியையும் கணினியையும் கேபிளால் இணைக்கும் நொடியில் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு கேபிள் வழியே சமனாகும்போது எச்டிஎம்ஐ போர்ட் கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. மொட்டைமாடி டிஷ் ஆண்டெனாவோடு கம்பித் தொடர்பு இருந்தால் இடி மின்னல் நேரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். மின் பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதித்துச் சரிசெய்துகொண்டேன். இப்போது சுரீர் இல்லை. அப்படியிருந்தும் இரண்டையும் அணைத்த பிறகே கேபிளைச் செருகுகிறேன், இடி இடித்தால் கழற்றிவிடுகிறேன்.

ஒலி தானாகத் தொலைக்காட்சிக்குப் போய்விடும். வேண்டாமென்றால் கடிகாரத்தின் அருகே இருக்கும் ஒலிப்பெருக்கிக் குறியைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்தினால் நகலெடுப்பதா, நீட்டிப்பதா, இரண்டாம் திரை மட்டுமா என்று கேட்கும். மூடியைச் சாத்தினால் கணினி உறங்கிவிடாமல் இருக்க, மின் அமைப்பில் மூடிக்கான செயலை ‘டூ நத்திங்’ என்று வைக்க வேண்டும்.

எந்தத் தொலைக்காட்சியும் இதற்கு உதவுமா என்று தோழிகள் கேட்கிறார்கள். திரையின் அளவை விட, ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே முக்கியம். 43 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 102 புள்ளிகள் உண்டு. சாதாரணக் கணினித் திரைக்கு அது நிகர். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 32 அங்குல ‘எச்டி ரெடி’ தொலைக்காட்சியில் 1366 புள்ளிகளுக்கு 768 புள்ளிகள்தான், அதாவது அங்குலத்துக்கு 49. 55 அங்குல முழு எச்டி என்றால் 40தான். திரைப்படத்துக்கும் குழந்தைகளின் இணைய வகுப்புக்கும் அவை போதும். அருகில் அமர்ந்து எழுத்துப் படிக்க அவை ஆகாது, எந்த அமைப்பை மாற்றியும் அதைச் சரிசெய்ய முடியாது. என் திரையைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்து, ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான தூரத்தில் அமர்கிறேன். சுவரில் இருந்த உயரத்தில் அண்ணாந்து படித்த நாட்களில் கழுத்துவலி இரட்டிப்பாகியிருந்தது. விண்டோஸ் தானாக எழுத்தை 300 விழுக்காட்டுக்குப் பெருக்கி வைத்திருந்தது. அதை 125க்குக் குறைத்த பிறகுதான் இரண்டு பக்கங்கள் அருகருகே முழுதாக நின்றன. பின்னொளியை அரைப்பங்குக்கும் கீழே குறைத்திருக்கிறேன்.

கேபிளே இல்லாமல் செய்யலாமே என்பது இன்னொரு கேள்வி. விண்டோஸ் விசையோடு கே எழுத்தை அழுத்தி, மிராகாஸ்ட் ஏற்கும் தொலைக்காட்சியோடு கம்பியின்றி இணையலாம். உறவினர்களுக்குக் கல்யாணப் படங்களைக் காட்ட அது நல்ல வழி. படத்தைச் சுருக்கி அனுப்புவதால் எழுத்தின் ஓரங்கள் கலங்கும், அம்பு கையைவிடப் பின்தங்கும். இதைக் கொண்டு மெய்ப்புப் பார்க்க முடியாது.

செலவைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 4,850 ரூபாய். தேவைப்பட்டவை 60 ஹெர்ட்ஸ் அடாப்டரும் சிறிய கேபிளும் மட்டுமே, அதாவது 2,600 ரூபாய். எச்டிஎம்ஐ 2.0 போர்ட் உள்ள மடிக்கணினி வைத்திருப்பவருக்குக் கேபிள் செலவோடு முடிந்துவிடும். இதே வேலைக்காகப் புதிதாகத் தொலைக்காட்சி வாங்கப் போகிறவர்கள், தங்கள் மடிக்கணினியையும் கேபிளையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். வெள்ளைப் பக்கத்தில் சிவப்பில் பத்து வரி தமிழ் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, இணைப்பின் வகையைப் ‘பிசி’ என்று மாற்றச் சொல்லி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று எழுத்துகளின் மேற்புள்ளிகளைப் பாருங்கள். கடையில் ஓடும் கடலும் கிளியும் நிறைந்த காட்சியில் எல்லாத் தொலைக்காட்சியும் அழகாகத்தான் இருக்கும். அந்தச் சிவப்பு வரிகள் எதில் கலங்காமல் நிற்கின்றனவோ அதை வாங்குங்கள்.